என் கிட்டாரை யாரும் வாங்கவில்லை

என் மனைவியை வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது ஏமாற்றிவிட வேண்டும் என்பது என் லட்சியம். அது நிறைவேறிவிட்டதாக நான் நம்பிய காலம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு காலை பசியாறும் நேரம் வரைக்கும்.

எங்கள் ஊர் பெர்மாஸ் ஜெயாவில் காளிதாஸ் என்றால் தெரியாதவர்கள் நிறையப் பேர். ஆனால் கல்யாண விருந்துகளில் மூர்த்தியின் இசைக்குழுவைப் பார்த்தவர்களுக்கு, பின்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேஸ் கிட்டார் வாசிக்கும் ஆளை ஞாபகம் இருக்கலாம். நான்தான் அது. நான் வாசிப்பது யார் காதிலும் தனியாக விழாது. நிறுத்தினால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். உலகத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே மரியாதை அதுதான்.

அதற்குத்தான் ஒரு ஞாயிறு காலை லோஷினி உலை வைத்தாள். கையில் தோசைக் கரண்டி. அவள் கரண்டி எப்போதும் நான் எதிர்பார்க்காத இடப்பக்கத்திலிருந்துதான் வரும்.

"ஏங்க, அந்த கிட்டார வித்துடலாம்."

"லோஷினி! அது என் உயிரு!"

"உயிரு சோபாவுல படுத்திருக்கு. மனுசங்க தரையில உக்காந்திருக்கோம். பேஸ்புக்ல போட்டாச்சு. சிம்பாங் ரெங்கத்துலேருந்து ஒருத்தர் சனிக்கிழம பாக்க வர்றாரு."

"என்னைக் கேக்காமயா போட்ட?"

"இப்ப சொல்றேன்ல."

"அதுக்கு அடுத்த சனிக்கிழம மூர்த்திக்குக் கல்யாணக் கச்சேரி இருக்கு லா! நான் எத வாசிக்கிறது?"

"கை தட்டுங்க." தோசையைத் திருப்பிப் போட்டாள். "நல்லவேளை, அது வலக்கைக்காரங்க வாசிக்கிறது. இடக்கைக்குக் கம்பி மாத்தினதா இருந்தா தொடக்கூட மாட்டேன்னாரு அவரு."

நான் ஆண்மகன். எழுந்து நின்றேன். மார்பை நிமிர்த்தினேன். "சரி" என்றேன்.

உள்ளுக்குள் வேறு கணக்கு. பாவம், விவரம் தெரியாதவள், ஆயுதத்தை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள்! விற்க மாட்டேன் என்று சொல்லத்தான் எனக்குத் தைரியம் கிடையாது. வாங்க வருபவனை ஓட வைப்பதில் எனக்கு முன் அனுபவமே உண்டு. போன வருடம் என் பழைய மோட்டார் சைக்கிளை அவள் விற்கப் பார்த்தபோது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வந்த மனிதர் உதைத்து உதைத்துக் கால் வீங்கித் திரும்பிப் போனார். வண்டி இன்னும் வாசலில் நிற்கிறது. லோஷினிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

அன்று மத்தியானம் அவள் பண்டார் தெங்காராவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். கார் முனை திரும்பியதும் நான் கம்பிகளைக் கழற்றினேன்.

பேஸ் கிட்டாரில் தடித்த கம்பி மேலே, மெல்லிய கம்பி கீழே. தலைகீழாக மாட்டினால் இடக்கைக்காரர் மட்டும்தான் வாசிக்க முடியும். சும்மா மாற்றி மாட்டினால் உட்காராது. கழுத்தின் உச்சியில் கம்பிகளுக்குப் பள்ளம் வெட்டிய ஒரு சின்னத் துண்டு உண்டு, நட் என்பார்கள். அதை மெல்லத் தட்டி எடுத்துத் திருப்பி வைத்தேன். பள்ளம் சரியில்லாத இடத்தில் லோஷினியின் நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்தேன். யாரும் பழையபடி மாற்ற முடியாதபடி சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். கச்சேரிக்கு முன்னால் எப்படியாவது பெயர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. தோள்பட்டி மாட்டும் பொத்தானைக்கூட மறுபக்கக் கொம்புக்கு மாற்றினேன். சுருதியும் சேர்த்தேன். ஏமாற்று வேலையாக இருந்தாலும் தொழில் சுத்தம் வேண்டாமா?

சனிக்கிழமை மாலை குடுமி வைத்த இளைஞர் ஒருவர் வந்தார். பெயர் வசந்தன் என்றார். கிட்டாரை மடியில் வைத்தவர் திகைத்தார்.

"அண்ணே, இது இடக்கையா?"

"பொறந்ததுலேருந்தே இடக்கைதான், தம்பி."

"திருப்பி மாத்திக்கலாம்லா?"

"அலமாக்! நட்டத் தட்டினா கழுத்தே பொளந்துரும். அப்படி ஒரு குளூ!"

லோஷினி மைலோ கொண்டுவந்து வைத்தாள். முகம் வாடியிருந்தது. எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

வசந்தன் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார், திருகுகளைப் பார்த்தார், பொத்தானை இழுத்துப் பார்த்தார். "எனக்கு உதவாதுண்ணே. ஆனா வேல படு சுத்தம். யாரு செஞ்சது?"

"சிங்கப்பூர்ல ஒரு பெரிய நிபுணர்" என்றேன், தன்னடக்கத்தோடு.

அவர் போனதும் லோஷினி பெருமூச்சு விட்டாள். "யாரும் வாங்க மாட்டாங்க போல. சரி, நம்ம வீட்லயே இருக்கட்டும்."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே ஆடினேன்.

மறுநாள் காலை பசியாற ரொட்டி சானாய் வாங்கப் போனேன். வெற்றி வீரனுக்கு வெயில் கூசக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி வேறு. திரும்பி வரும்போது வீட்டுக்குள்ளிருந்து பேஸ் சத்தம். தும் தும் என்று, என் பாட்டு, நான் வாசிக்கும் இடங்கள், நான் தப்பு விடும் இடத்தில் தப்பு இல்லாமல்!

கதவைத் திறந்தேன். பொட்டலம் கையிலிருந்து விழுந்தது.

கூடத்தின் நடுவே லோஷினி நிற்கிறாள். தோளில் என் கிட்டார். வலக்கை கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருக்க, அவள் இடக்கை விரல்கள் கம்பிகளை மீட்டுகின்றன. பக்கத்தில் வசந்தன் தலையாட்டுகிறார். சோபாவில் என் குழுத் தலைவர் மூர்த்தி கண்ணை மூடி ரசிக்கிறார். 

"வாங்க" என்றாள் லோஷினி. "வசந்தன் சார் என் மாஸ்டர். ஆபீஸ் பக்கத்துல பேஸ் கிளாஸ் எடுக்கறாரு. போன வருசத்துலேருந்து போறேன்."

"வாங்க வந்தவரு...?"

"வேல சரியா முடிஞ்சிருக்கான்னு பாக்க வந்தவரு."

"அடிப்பாவி! இடக்கைக்கு மாத்திக் குடுங்கன்னு எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. அது பெரிய வேல, உனக்கெல்லாம் எதுக்குன்னீங்க. கெஞ்சினா செய்ய மாட்டீங்க. விக்கறேன்னு சொன்னா விழுந்து விழுந்து செய்வீங்க."

"நான்தான் செய்வேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்பார்க் பிளக் இருந்த சட்டையத் தொவச்சது யாரு?"

மூர்த்தியைப் பிடித்துக்கொண்டேன். "மூர்த்தி! சனிக்கிழம கச்சேரி! இத உடனே பழையபடி மாத்திடறேன்!"

"எப்படிண்ணே? நட்டத் தட்டினா கழுத்து பொளந்துருமாமே, வசந்தன் சொன்னாரு" என்றார் மூர்த்தி. "கிட்டார் இடக்கை. லோஷினி அக்காவும் இடக்கை. வாசிப்பும் நல்லாருக்கு. நான் என்ன செய்ய?"

"அப்ப நானு?"

"நீங்க இல்லாம எப்படி? ஸ்பீக்கர் எல்லாம் யாரு தூக்கறது?"

நான் சுவரில் சாய்ந்தேன். லோஷினி அருகில் வந்தாள், ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். இடக்கையை நீட்டினாள்.

"அந்தக் கறுப்புக் கண்ணாடியக் குடுங்க."