மெக்கானிக் எப்ப வருவார்?

“மெக்கானிக் எப்ப வருவார்?” என்று கேட்டார் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி.

“வந்தாச்சு சார்,” என்றாள் மெக்கானிக்.

செகரட்டரி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். படிக்கட்டுதான் இருந்தது.

ஆறு மாடிக் கட்டடம். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே செகரட்டரியின் மனைவி. மெக்கானிக்குக்கோ தனியாக வந்திருக்கும் முதல் வேலை. ‘இதைச் சரி பண்ணலேன்னா நாளையிலிருந்து நீ ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலைதான்’ என்று சூப்பர்வைசர் வாழ்த்தி அனுப்பியிருந்தார். சரி பண்ணாமல் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் அவளும் படியேறியிருந்தாள்.

“மேல மோட்டார் ரூம் சாவியைக் கொடுங்க சார்.”

“அதெல்லாம் மெக்கானிக் கையிலதான் கொடுப்பேன். விளையாட்டு இல்லம்மா. உள்ள மாட்டியிருக்கிறது என் வீட்டுக்காரி. மதியச் சமையல் அப்படியே நிக்குது.”

சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமைப் புகார்களெல்லாம் டியூட்டியில் இருக்கும் மெக்கானிக்கின் செல்லுக்குத்தான் போகும். அவள் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்தாள்.

“ஏம்மா, இங்க ஒரு பொண்ணு வந்து நிக்குது. மெக்கானிக்கை அனுப்புங்க.”

“அந்தப் பொண்ணுதான் சார் மெக்கானிக்,” என்றாள், இரண்டடி தள்ளி நின்றபடி.

அவர் போனை வைத்துவிட்டு அவளிடமே வருத்தப்பட்டார். “உங்க ஆபீஸ்லயும் ஒரு பொண்ணுதான்மா உட்கார்ந்திருக்கு. அதுக்கும் ஒண்ணும் தெரியல.”

அவள் கீழே போய், வேனில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை எழுப்பிக் கையில் ஒரு ஸ்பேனரைத் திணித்தாள்.

“அக்கா, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே.”

“தெரிய வேண்டாம்டா. மீசை இருக்குல்ல, போதும்.”

போதுமாகத்தான் இருந்தது. சாவி தானாகக் கைமாறியது. ஆனால் செகரட்டரியும் கூடவே மோட்டார் ரூமுக்கு ஏறிவிட்டார். அவள் எதைத் தொட்டாலும், “நீ தள்ளும்மா, சார் பார்க்கட்டும்.”

சார் பார்த்தார். ஏதாவது செய்தாக வேண்டும் போலிருக்கவே, இருந்ததிலேயே பெரிய ஸ்விட்சைத் தட்டினார். ஆறு மாடியிலும் ஃபேன் நின்றது. ஆறு மாடியிலும் வீட்டுக் கதவுகள் திறந்தன.

“பார்த்தியாம்மா? வேலை தெரிஞ்சவர். முதல்ல கரண்டை நிறுத்திட்டார்.”

டிரைவருக்கும் அப்படித்தான் பட்டது. “சேஃப்டி முக்கியம் சார்,” என்றவர், அவள் பக்கம் திரும்பி, “அந்த டார்ச்சைக் கொஞ்சம் இப்படிக் காட்டும்மா,” என்றார். மாடி ஏறும்வரை அக்காவாக இருந்தவள்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டார்ச்சைக் காட்டினாள். காட்டிக்கொண்டே, “கீழ எல்லாரும் கூடிட்டாங்க சார். நீங்க ரெண்டு பேரும் போய் விளக்கம் சொன்னா நல்லா இருக்கும்,” என்றாள்.

விளக்கம் சொல்வது என்றதும் இருவரும் உடனே கிளம்பினார்கள்.

ஸ்விட்சைத் திரும்பப் போட்டாள். மோட்டாரைப் பார்த்தாள், சரி. பிரேக்கும் சரி. மேலே எல்லாமே சரியென்றால், கோளாறு லிஃப்டுக்குள்தான் இருந்தாக வேண்டும். மூன்றாவது மாடிக்கு இறங்கினாள். கீழே டிரைவர் லிஃப்டின் தத்துவத்தைப் பேசிக்கொண்டிருந்தார். யாரோ கை தட்டினார்கள். அவள் வெளிக்கதவில் சாவியைத் திருப்பி, தோள் கொடுத்துத் தள்ளினாள். கதவு அசைந்து கொடுத்தது. இன்னொரு தள்ளு. திறந்துகொண்டது.

உள்ளே, செகரட்டரியின் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காய்கறிப் பையில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“பயப்படாதீங்கம்மா. மெக்கானிக் வந்தாச்சு.”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை.

“நல்லவேளை, நீயா வந்த. லிஃப்டுக்கு ஒண்ணுமில்லம்மா, இந்தச் சிவப்பு ஸ்விட்சை நான்தான் அமுக்கி வெச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் அடுப்பைப் பத்த வெச்சதும் ஒரு குரல் கொடு, எடுத்துடறேன்.”