ஒரு லோடு கிராவல், ஐந்து தளங்கள்

அணுபுரத்தில் குடியிருக்கும் விஞ்ஞானிகள் அணுவைப் பற்றி ஆராய்கிறார்கள் என்று இந்தக் கடற்கரையே பெருமைப்படுகிறது. படட்டும். ஆனால் ஒரே ஒரு லோடு கிராவலை ஐந்தாகப் பிளந்து, ஐந்து சமூக ஊடகங்களுக்கும் படியளந்த மேதை எங்கள் பேரூராட்சியில்தான் இருக்கிறார். அவர் கவுன்சிலர் தீனதயாளன் அண்ணன். அவருடைய 'ஊடகப் பிரிவு' அடியேன். பிரிவில் வேறு யாரும் இல்லை.

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் ஒன்று, வேண்டா அக்கா வசிக்கும் தெருவின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆட்டோ உள்ளே வராது. அக்காவின் மருமகள் பூங்கொடிக்கு மாதம் நிறைந்துவிட்டது. "இன்னிக்கோ நாளிக்கோன்னு கீறா. வலி வந்தா நான் இன்னா பண்ணுவேன் நைனா?" என்று அக்கா அண்ணனிடம் கேட்டார். அண்ணன் மனம் உருகி, அன்றே ஒரு லாரி கிராவலும் ஒரு பொக்லைனும் வரவழைத்தார். அதற்கும் முன்னால் என்னை வரவழைத்தார்.

லாரி கொட்டியது. பள்ளம் மூடியது. யூடியூபுக்காகப் போனைப் படுக்கவைத்து எடுத்தேன்.

"இன்ஸ்டாவுக்கு?" என்றார் அண்ணன்.

"அதுக்கு நிமிர்த்திப் பிடிக்கணும் அண்ணே. இதையே வெட்டினா லாரி வருது, நீங்க வரல."

அண்ணன் பதறிப்போனார். "அப்ப மறுபடி கொட்டச் சொல்லு!"

கொட்டிய கிராவலைப் பொக்லைன் அள்ளி லாரியில் ஏற்றியது. லாரி மறுபடி கொட்டியது. ஃபேஸ்புக்கில் நடுத்தர வயதுக்காரர்கள் அதிகம். ஆகவே மூன்றாம் முறை கொட்டும்போது அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாட்ஸாப்புக்குக் கைகூப்பி, ஓரத்தில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம். கடைசியாக லிங்க்டின். அங்கே படித்தவர்கள் நடமாடுவதால் துண்டை எடுத்துவிட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் மஞ்சள் ஹெல்மெட் வைத்தோம். தலைப்பு: 'ஒரு பள்ளம் எனக்குக் கற்றுத்தந்த தலைமைப் பண்புகள்'.

அதற்காகக் கிராவலை ஏற்றியபோது லாரி டிரைவர் கிருபாகரன் இறங்கி வந்தார். "அண்ணாத்த, இன்னும் எத்தினி வாட்டி? மண்ணுக்கே தல சுத்துது. படூர் அப்பார்ட்மெண்ட்டுக்காரன் வேற கிராவல் கேட்டு போன் மேல போன் பண்ணிகினு கீறான்."

கலை அறியாத மனிதர். அதற்குள் வெயிலும் இறங்கிவிட்டது.

"மூஞ்சி கறுப்பா வுழுதே," என்றார் அண்ணன். "லிங்க்டினுக்கு ஹெல்மெட்டு போட்டோ போதும். மத்ததெல்லாம் ஏத்திடு தம்பி."

நான் நான்கு வீடியோவையும் ஒரு போட்டோவையும் ஏற்றினேன். கிருபாகரன் ஏற்றிய கிராவலோடு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படூரில் கேமரா இல்லாததால் ஒரே தடவையில் கொட்டிவிட்டார்களாம்.

மறுநாள் காலை வேண்டா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பள்ளத்த மூடியாச்சின்னு என் போன்லயே வந்துகீது. எட்டிப் பாத்தா பள்ளம் அப்டியே கீதே?"

"எதுல பாத்தீங்க அக்கா?"

"வாட்ஸாப்புல."

"அதான்! அதுல சுருக்கமாத்தான் வரும். யூடியூப்ல பாருங்க, ஒரு பொட்டுப் பள்ளம் இருக்காது."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு எடத்துல மூடிட்டீங்க. என் மருமவ அதுல எந்த வழியா ஆஸ்பத்திரிக்குப் போவணும்?"

"இன்ஸ்டாவுல ரீச் அதிகம் அக்கா," என்று என் அனுபவத்தில் பட்டதைச் சொன்னேன். இலவச ஆலோசனைக்கு இந்த நாட்டில் மரியாதை கிடையாது. அக்கா சொன்ன பதிலை எந்தத் தளத்திலும் ஏற்ற முடியாது.

அவர் திட்டி முடிக்கும் முன்பே வீட்டுக்குள்ளிருந்து அலறல் கேட்டது. பூங்கொடிக்கு வலி வந்துவிட்டது. ஆட்டோ பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றது. பூங்கொடியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அக்காவும் பக்கத்து வீட்டு மேரியும் வரலட்சுமியும் ஆளுக்கொரு கால் பிடித்துத் தூக்கினார்கள். பள்ளத்துச் சேற்றில் இறங்கியதும் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "பாத்துகினு நிக்கிறியே, வந்து புடிடா!" என்று அக்கா கத்தினார். நான் நிதானம் இழக்கவில்லை. போனை நிமிர்த்திப் பிடித்தேன்.

எப்படியோ கரையேற்றிவிட்டார்கள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அந்த வீடியோதான் எங்கள் பக்கத்தின் வரலாற்றிலேயே அதிகம் பேர் பார்த்தது. நீங்களும் பார்த்துக் கண்கலங்கியிருப்பீர்கள். கீழே ஆயிரக்கணக்கானோர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: 'நாற்காலியின் நாலாவது காலைப் பிடிக்க அங்கே ஒரு மனுஷன்கூட இல்லையா?'

ஒருவரையும் விடாமல், அத்தனை பேருக்கும் ஹார்ட் போட்டிருக்கிறேன்.