வாரத்துக்கு எத்தனை தடவை?

சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் என்னால் பலருக்குச் சகுனம் கெட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், டிப்ளமோ முடித்த கையோடு ராஜபாளையத்தில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. புது பஸ் ஸ்டாண்டை எங்கே வைப்பது, ஊரைச் சுற்றி பைபாஸ் தேவையா என்று முடிவு செய்ய ஒரு சர்வே. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நின்று, எங்கே போகிறீர்கள், எதற்கு, வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேட்டு பாரத்தில் எழுத வேண்டும். வண்டியை மறிக்க ஒரு போலீஸ்காரர், கேட்க நான்.

எங்கள் பக்கம் கிளம்பியவரிடம் ‘எங்கே?’ என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். ‘தூரமா?’ என்றுதான் கேட்க வேண்டும். எனக்கும் தெரியும். படித்தவன் இதையெல்லாம் பார்க்கலாமா? (பார்த்திருக்கலாம்.) பாதிப் பேர் என்னை முறைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பி வந்தார்கள். நானும் மறுபடி கேட்டு, மறுபடி எழுதினேன்.

அன்று மாலை நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு என் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை அப்பா மட்டும்தான் பார்த்திருந்தார்.

காலை பத்து மணிக்கு ஒரு அம்பாசடரை மறித்தோம். முன்னால் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள், பின்னால் ஒரு வாலிபர்.

“எங்கம்மா போறீக?”

அந்த அம்மாள் முகம் சுருங்கியது. “நல்ல காரியமா கெளம்பி வாரோம். எங்க போறீகன்னா கேக்கிறது? ஆண்டாளைச் சேவிச்சிட்டு, பொறவு பொண்ணு பாக்கப் போறோம்.”

பாரத்தில் வேலை, படிப்பு, வியாபாரம், வைத்தியம், பொழுதுபோக்கு என்று ஐந்து கட்டம். பெண் பார்க்கக் கட்டம் இல்லை.

“பொழுதுபோக்குன்னு போட்டுக்கிடுதேன். இதுக்கு வாரத்துக்கு எத்தனை தடவை போவீக?”

“ஏப்பா டிரைவரு, வண்டியத் திருப்பு!”

மாலை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காலையில் எதற்கு வரப்போகிறார்கள் என்று நான் அடுத்த லாரியைக் கேட்கப் போய்விட்டேன்.

நாலு மணிக்குத் தலைவாரி, சட்டை மாற்றி, அப்பாவோடு வாசலில் நின்றேன். அதே அம்பாசடர் வந்தது. அதே பட்டுப்புடவை இறங்கியது.

“என் மூத்தவன். சர்வே எடுக்கான்” என்றார் அப்பா பெருமையாக.

“தெரியும். காலையில எங்களத்தான் எடுத்தாரு” என்று ஆரம்பித்து, உள்ளே வந்து உட்கார்ந்து, என் தங்கை கேசரி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவதற்குள் அந்த அம்மாள் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன். இரண்டு இடம் ஜாதகத்தால் தட்டியது, மூன்றாவது என் வாயால் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த வாலிபர் வாயைத் திறந்தார். “வாரத்துக்கு எத்தனை தடவைன்னு கேட்டீகளே மச்சான், இனிமே வாராவாரம் வாரேன்னு எழுதிக்கிடுங்க.”

‘மச்சான்’ காதில் விழுந்ததும் அப்பாவுக்கு மூச்சு வந்தது. அடுப்படியிலிருந்து என் தங்கை சிரிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் அவர் அம்மாவும் சிரித்துவிட்டார்.

சர்வேக் கணக்கைப் பார்த்து, ராஜபாளையத்துக்காரர்கள் இவ்வளவு பயணம் போகிறார்களா என்று அதிகாரிகள் அசந்துபோனார்கள். (தண்ணீர் குடிக்கத் திரும்பிய கதையை நான் சொல்லவில்லை.) என் தங்கை மாப்பிள்ளை இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன் வாசலில் நின்று, “ராஜபாளையத்துல இருந்து வாரேன். பஸ்லதான். பொழுதுபோக்கு” என்பார்.

பின்னாலேயே தங்கை சொல்வாள்: “ரெண்டு தடவை எழுதிக்கோண்ணே. ஒனக்கு அதான பழக்கம்.”