கடைசியாக எழுந்தவருக்கே வாசல்

அன்புள்ள அத்தைக்கு,

மரியாதையும் பயமும் சரிபாதி கலந்த வணக்கம். உங்கள் இடுப்பெலும்பு கூடி வருகிறது என்றும், கைத்தடியைத் தொட மறுக்கிறீர்கள் என்றும், பார்த்துக்கொள்ள வரும் நர்ஸின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் அப்பா சொன்னார். அந்த அளவுக்குத் தேறிவிட்டதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா நலம். அம்மா நலம். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நான்தான் நலமில்லை. நேற்று உங்கள் டிவியில் ஓடியது என்ன என்று தெரிந்த நொடியிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து இதை மனதுக்குள் படியுங்கள். நீங்கள் மருந்துச் சீட்டைக்கூட உரக்கப் படிப்பவர் என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் விழுந்து படுத்ததும் அப்பா உங்களுக்கு வாக்குக் கொடுத்தாரல்லவா, "அக்கா, நீ படுத்த இடத்துல இருந்தே என் படமெல்லாம் பாக்கலாம்" என்று? செருப்பு அலமாரிக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அத்தனையும் இருக்கின்றன. எங்கள் ஹாலில் அருமையாக ஓடியது, உங்கள் வீட்டில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா எங்கெங்கோ படித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் பாடம் நடத்தினார்: வெளியில் இருப்பவர்களுக்கு நம் வீடு ஒரே விலாசம், வாசலில் ரவுட்டர் காவல்காரன் மாதிரி நிற்கிறது, இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வருபவரை இந்தப் பெட்டிக்கு அனுப்பு என்று அதனிடம் சொல்லிவைத்தால் போதும். சொல்லிவைத்தார். படம் வந்துவிட்டது. நீங்கள் பாதிப் படம் பார்த்துவிட்டு "சத்தம் கம்மியா இருக்கு" என்றீர்கள். உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று அப்பா புரிந்துகொண்டு, அந்தப் படத்தை அவரே எடுத்தது போல வீட்டுக்குள் உலாவினார்.

ஆனால் அம்மாவிடமும் ஒரு பெட்டி உண்டு. தையல் மெஷினுக்குக் கீழே இருக்கிறது. தன் தையல் வகுப்பு மாணவிகளுக்காகத் துணி வெட்டும் பாடங்களைப் பதிவு செய்து அதில் வைப்பாள், அவர்கள் அவரவர் வீட்டிலிருந்து பார்ப்பார்கள். அப்பா பெட்டிக்கும் அம்மா பெட்டிக்கும் வாசல் எண் ஒன்றேதான். இந்தப் பெட்டிகளுக்கு ஒரு குணம் இருக்கிறது, அத்தை. கண் விழித்ததும் நேராகக் காவல்காரனிடம் போய், அந்த எண் இனி என்னுடையது என்று சொல்லிவிடும். எங்கள் காவல்காரனோ யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன், கடைசியாக எழுந்து வந்தவருக்கே வாசலைக் கொடுத்துவிடுவான். வேறு வீடாக இருந்தால் தவறான பெட்டிக்கு வந்தவர் பாஸ்வேர்டு தெரியாமல் வெளியிலேயே நின்றிருப்பார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. "குடும்பத்துக்குள்ள என்ன ரகசியம்?" என்பது அப்பாவின் கொள்கை. ஆகவே யாரும் எங்கேயும் நுழையலாம். கதாநாயகன் குண்டடி பட்டுத் தாய் மடியில் கிடந்தபோது படம் நின்று, திரும்பப் போட்டதும் அம்மா கத்தரிக்கோலோடு வந்தது அப்படித்தான். நீங்கள் போனில் போட்ட சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

"டேய், அவன் செத்தானா இல்லையா?"

"யாருக்கா?"

"கதாநாயகன்டா! உயிர் போற நேரத்துல உன் பொண்டாட்டி வந்து, கையை வெட்டுங்கறா!"

தையல் அறையிலிருந்து அம்மா, "முழங்கை வரைக்கும்தான்னு சொல்லுங்க!" என்றாள்.

அப்பா தன் பெட்டியை அணைத்துப் போட்டார், படம் திரும்பியது. அங்கே காலர் பாடத்துக்குக் காத்திருந்த மாணவிகளுக்கு, மாடிப்படியில் உட்கார்ந்து அழும் ஒரு பெண் கிடைத்தாள். "அக்கா, அந்தம்மா போட்டிருக்கற மாதிரியே தைக்கணுமா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அம்மா தன் பெட்டியை அணைத்துப் போட்டாள். அப்பா தன்னுடையதை. மறுபடி அம்மா. "உங்க பெட்டி என் பெட்டியை முழுங்குது." "என் பெட்டி பரம சாது, நீதான் வேணும்னே பண்ற." அதோடு பேச்சு நின்றது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "உப்பை அந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று என் வழியாகச் சொல்லி அனுப்புகிறார்கள். நான் வாய் திறக்காமல் உப்பைத் தள்ளுவேன். சின்ன வயதில் நீங்கள் வரும்போதெல்லாம் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதற்காக ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தீர்களே, அந்தப் பெயரை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

அதாவது, அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பத்திரங்களுக்குப் பிழை திருத்தும் அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தியதும் எனக்குள் இருந்து எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை அப்பா குரலில், அம்மா குரலில், மன்னிக்க வேண்டும், உங்கள் குரலிலும், ஒரு சின்ன நாடகமாகப் பேசிப் பதிவு செய்வேன். அவையெல்லாம் என் துணி அலமாரியில் ஸ்வெட்டர்களுக்குப் பின்னால், சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. அதற்கும் அதே வாசல் எண்தான். வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேட்டு, எங்கே குரல் பிசகியது என்று குறித்துக்கொள்வேன். பஸ்ஸில் என் குரலுக்குப் பதில் அம்மாவின் காலர் வந்தால், மறுநாள் கிளம்பும் முன் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுப் போவேன், சரியாகிவிடும். எனக்குச் சரியாகும்போது இவர்கள் இருவருக்கும் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. பாஸ்வேர்டு? வீட்டுப் பாஸ்வேர்டுதான். பெட்டி இருப்பதே யாருக்கும் தெரியாதபோது பூட்டு எதற்கு என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் அறிவு.

நேற்று மதியம் அப்பா, அம்மாவின் குற்றத்தை நிரூபிப்பதற்காக ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பேசுவதில்லை என்பதை மறந்து, "ஏய், இங்க ஓடி வா! மூணு பெட்டி இருக்கு!" என்று கத்தினார்.

அம்மாவும் மறந்து ஓடிவந்தாள். "மூணாவது யாரோடது?"

"எனக்கென்ன தெரியும்? வீட்டுக்குள்ள எவனோ பூந்திருக்கான்!"

"எங்க?"

"நெட்டுக்குள்ளடி!"

அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்து, "நீ ஏதாவது பாத்தியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "இவகிட்ட போய்க் கேக்கறீங்களே, வீடே தீப்பிடிச்சாலும் வாயத் திறக்க மாட்டா" என்றாள் அம்மா. நான் மெல்ல எழுந்து அறைக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். ஹாலில் அப்பாவின் அலறல்: "போயிட்டான்! நம்ம பேசினது அவனுக்குக் கேட்டுடுச்சு!" பின்கதவை இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பூட்டினார்கள்.

அத்தோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அத்தை, அப்படி ஒரு காட்சி கண்முன்னே நடந்திருக்கிறது, அதைப் பதிவு செய்யாமல் எப்படி விடுவது? அடங்கிய குரலில் மூவரையும் பேசி முடித்து, அதைச் சேமிப்பதற்காகப் பிளக்கைத் திரும்பச் சொருகினேன். வீட்டிலேயே கடைசியாக எழுந்தது என் பெட்டி. காவல்காரன் வாசலை எனக்குக் கொடுத்துவிட்டான். சாயங்காலம் நீங்கள் படம் பார்க்க டிவியைப் போட்டீர்கள்.

வெளியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று என் திரையில் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தது, 'அத்தை வந்திருந்தபோது' என்ற என் நாடகம். அலமாரித் தட்டில் விரலால் தேய்த்துப் பார்த்து "இதுக்குப் பேர் துடைச்சதா?" என்று நீங்கள் கேட்பது அதில்தான் இருக்கிறது. போட்டோவுக்கு நிற்கும் அப்பாவிடம் "வயித்தை உள்ள இழு. போட்டோ முடிஞ்சாலும் விடாத" என்பதும் அதில்தான். பிடுங்குவதற்காகப் பிளக்கில் கை வைத்தேன். பிடுங்கவில்லை. என் குரலை என்னைத் தவிர இன்னொரு மனுஷி கேட்பது அதுதான் முதல் தடவை. நீங்கள் கடைசிவரை கேட்டீர்கள். பிறகு அடுத்ததைப் போட்டீர்கள். பிறகு போன் வந்தது.

"என்னக்கா, படம் ஓடுச்சா?"

"ம், ஓடுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"நடிப்பு பரவாயில்ல" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அது எந்தப் படமாக இருக்கும் என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் யாரையும் பரவாயில்லை என்று சொல்லி இதுவரை நாங்கள் கேட்டதில்லை.

இப்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரு எண், அம்மாவுக்கு வேறு எண், பெட்டிகள் தாமாக வந்து கேட்டால் கொடுக்காதே என்று காவல்காரனிடமும் சொல்லியாயிற்று. புது எண்ணை அப்பா போனில் சொல்வார். பழைய எண்ணில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன், இந்தக் கடிதத்தை முடித்ததும் அதையும் அடைத்துவிடுவேன். என் வேண்டுதல் ஒன்றுதான், அத்தை: அப்பா அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். கோபித்துக்கொள்வார்கள் என்ற பயமில்லை. அவர்கள் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால், அதன் பிறகு அறைக்குள்ளும் எனக்குப் பேச வராது.

உங்கள் எலும்பு உங்கள் குணத்தைப் போல அசைக்க முடியாததாகக் கூடட்டும். அப்பாவின் அன்பு. தனியாக, அம்மாவின் அன்பு.

என்றும் உங்கள் ஆசியை வேண்டும்,
ஊமைக்கோட்டான்

பி.கு.: வாசலை அடைக்க உட்கார்ந்தேன், அத்தை. உங்கள் வீட்டிலிருந்து இப்போதும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், உங்கள் பகுதியையே திரும்பத் திரும்ப. போகட்டும். இன்னொருவரும் கேட்கிறார். பெயர் வரும் இடத்தில் 'ஹால் டிவி' என்று இருக்கிறது. நீங்கள் எப்போது அப்பாவிடம் சொன்னீர்கள்? கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா, "ரிமோட்டை எங்கடி வெச்ச?" என்று கத்துகிறார். அது டிவியில் ஓடும் நான். தையல் அறையிலிருந்து அம்மா, "உங்க மடியிலதான் இருக்கும், பாருங்க!" என்கிறாள். அது அம்மாவேதான். பிறகு டிவியின் சத்தம் குறைகிறது. அப்பா, நிஜ அப்பா, நான் இதுவரை பேசிப் பார்த்திராத ஒரு குரலில் சொல்கிறார்: "நான் கூப்பிடல. சத்தம் போடாம வந்து உக்காரு. அடுத்தது நீ வர்ற."