முக எழில் சங்கத்தின் ஏகமனதான தீர்மானம்

சங்கத்து டாக்டர் என்று ஓர் இனம் உண்டு. நோயாளியோடு இருப்பதைவிட மேடையில் இருக்கும் நேரம் அதிகம். ஸ்டெதஸ்கோப்பைவிட மாலைதான் கழுத்துக்குப் பழக்கம். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. திண்டுக்கல்லில் அந்த இனத்தின் பெயர் டாக்டர் பாஸ்கல்.

காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு மனிதர் நன்றாகத்தான் இருந்தார். முகத்தை அழகாக்கும் வைத்தியம் ஒன்று மெட்ராஸில் வந்திருக்கிறதென்று அறுபத்திரண்டாம் வருஷம் கேள்விப்பட்டதும் என்ன செய்தார்? படித்தாரா? சங்கம் ஆரம்பித்தார். சீல் செய்தார், லெட்டர்பேடு அச்சடித்தார், பழனியிலிருந்தும் கீரனூரிலிருந்தும் டாக்டர்களைப் பிடித்து வந்தார். மொத்தம் ஏழு பேர். தலைவர், இரண்டு துணைத்தலைவர், செயலாளர், துணைச்செயலாளர், பொருளாளர், கௌரவ ஆலோசகர். வெறும் உறுப்பினராக இருக்க ஆள் கிடைக்கவில்லை.

அப்புறம் இரண்டு நாள் பயிற்சி முகாம். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு மாலை, மட்டன் பிரியாணி என்று நேரம் ஓடியது. அம்மைத் தழும்பு விழுந்த முகத்தைச் சுழலும் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சமப்படுத்தும் விதத்தைச் செய்து காட்ட, மெட்ராஸ் நிபுணர் இரண்டு மணி நேரம் கேட்டார். இருபது நிமிடம் கொடுத்தார்கள். அந்த இருபது நிமிடமும் பாஸ்கல் வெளியே, குரூப் போட்டோவில் யார் நாற்காலியில் உட்காருவது, யார் பின்னால் நிற்பது என்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தார். மாலையில் சர்டிபிகேட் கொடுத்தார்கள். பாஸ்கலுடையதில் தலைவர் என்ற முறையில் பாஸ்கலே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

இவரிடம்தான் வியாகுலம்மாள் தன் மகளைக் கூட்டி வந்தாள். சகாயராணி பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் நிச்சயமான பெண். மாப்பிள்ளை அவள் முகத்து அம்மைத் தழும்பைப் பார்த்த பிறகுதான் சம்மதித்திருந்தார். தாய்க்குத்தான் ஆசை, கோவிலில் நாலு பேர் பார்க்க முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று.

"ஐயா, இதுக்கு முந்தி யாருக்காச்சும் செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் சகாயராணி.

பாஸ்கல் சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். ஏழு பேருக்குத் தலைவர் எப்படிச் சொல்வார்?

"ஏம்மா, தெரியாமயா என்னயத் தலைவராப் போட்டிருக்காங்க?" என்றார்.

அவளுடைய வலது கன்னத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பதைத்தான் நிபுணர் அந்த இருபது நிமிடத்தில் சொல்லியிருந்தார். பொருக்கு உதிர்ந்தபோது கன்னம் கறுத்து, தோல் இழுத்துக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுத் தேதியைத் தள்ளிவைப்போம் என்றார்கள். புதுத்தேதி பேச அவர்கள் வரவே இல்லை.

"அம்மைத் தழும்பு ஆண்டவர் விட்ட வழின்னு இருந்தேன்யா. இதை யாரு விட்ட வழின்னு இருக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

பாஸ்கலுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாள் சங்கத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். நோயாளி வெயிலில் நடந்ததே கறுப்புக்குக் காரணம் என்று முதல் தீர்மானம். அடுத்த முகாமில் செய்முறை வகுப்பை டாக்டர் பாஸ்கலே எடுப்பார் என்று இரண்டாவது தீர்மானம்; ஒருவருக்காவது செய்து பார்த்த அனுபவம் அவருக்குத்தானே உண்டு? வெட்கங்கெட்ட கூட்டம். ஏழு கையும் உயர்ந்தன.

அதில் ஆறு பேர் அந்தக் கன்னத்தைக் கண்ணால் கண்டதில்லை. பொல்லாதவர்களும் இல்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது, ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, தலைவர் மனம் கோணக் கூடாதே என்று தூக்கிவிட்டார்கள். நீங்கள் டாக்டர் இல்லை, சரி. போன மாதக் கூட்டத்தில் நீங்கள் எதற்குக் கை தூக்கினீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?