சின்னராஜ் காதுக்குத் தப்பாத பேஸ்

"பாட்டுல பேஸ் இல்லைங்கண்ணா, தம்தம்னு அதிரவே இல்ல," என்று மூன்றாவது இயர்போனையும் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தான் கலைமணி. "இங்க கேக்கும்போது நெஞ்சைக் குத்துது. எங்க ஊரு இண்டூர் போய்க் கேட்டா கொசு பாடுற மாதிரி இருக்குங்க."

சின்னராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காரிமங்கலத்தில் அவர் செல்போன் கடை வாசலில் தொங்குகிற போர்டே 'சின்னராஜ் காதுக்குத் தப்பாத பேஸ்' என்பதுதான். அந்த ஒரு வரியை நம்பித்தான் கிருஷ்ணகிரியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். அவர் காது போனால் கடையும் போச்சு.

பெட்டி மேல் படிந்திருந்த பக்கத்து மில் ராகி மாவைத் துடைத்தார். வழக்கப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, முதுகுத்தண்டு வரைக்கும் எறங்குது. இதுல பேஸ் இல்லையா? நீயே உக்காந்து கேளு."

கலைமணி அதே மாதிரி உட்கார்ந்தான். "ஆமாங்கண்ணா, இப்ப வருதுங்க," என்று திருதிருவென்று முழித்தான்.

"அப்ப உங்க வூட்லதான் ஏதோ கோளாறு."

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். ஓசூர் கம்பெனியில் இருந்து லீவுக்கு வந்திருந்த மனைவியின் தம்பி பிரபாகர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மாமா, இதே மாடலை நேத்து வூட்ல மைக் வச்சு அளந்தேன். பேஸ் சுத்தமா இல்லைங்க," என்று லேப்டாப்பைத் திறந்தான். கிராஃபில் கோட்டின் இடது ஓரம்தான் பேஸாம். அது எழும்பவே இல்லை.

"கோட்டுக்குக் காது இருக்குதா மச்சான்?"

"காதுக்கு அளவு இருக்குதுங்களா மாமா?"

கலைமணி வேறு பக்கென்று சிரித்துவிட்டான். சின்னராஜுக்கு ரோஷம் தலைக்கேறியது.

"சந்தை அன்னிக்கு ஊரே வரும். இதே எடத்துல, அத்தனை பேர் முன்னாடியும் அள. கோடு எழும்பலைன்னா போர்டை நானே கழட்டுறேன்."

சந்தை வரைக்கும் மூன்று நாளும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

சந்தை அன்று கடைக்குள் கால் வைக்க இடமில்லை. தேங்காய் விற்க வந்தவர்கள், மில்லில் ராகி மூட்டையோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிரபாகர் சுவரோரப் பெஞ்சில் மைக்கை வைத்து, இயர்போனைச் செருகி, பட்டனைத் தட்டினான்.

கோட்டின் இடது ஓரம் வத்தல்மலை மாதிரி எழும்பியது.

பிரபாகர் முகம் வெளிறியது. மறுபடி அளந்தான். இன்னும் உயரமாக எழும்பியது. "மன்னிச்சிருங்க மாமா. உங்க காதுதான் சரி," என்றான்.

சின்னராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூல் மேலேயே ஏறிவிட்டார். "எல்லாரும் கேட்டுக்குங்க. எந்த ஊர்ல, யாரு காதுல பேஸ் குறைஞ்சாலும் இந்தப் போர்டை நடு ரோட்ல போட்டுக் கொளுத்துவேன்."

கூட்டம் கைதட்டியது. அவர் இறங்கி, கலைமணியைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து, மைக்கில் இருந்த ஜோடியில் ஒன்றை உருவி அவன் காதில் மாட்டினார். "இப்பச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

கலைமணி சிரித்துக்கொண்டே தலையாட்டினான். பாதியில் தலை நின்றது. "அண்ணா, போயிருச்சுங்க."

"எது?"

"பேஸுதான்."

"மாமா," என்றான் பிரபாகர், திரையைப் பார்த்தபடி. "கோடும் படுத்துருச்சுங்க."

சின்னராஜ் அதைப் பிடுங்கித் தன் காதில் மாட்டினார். முதுகைச் சுவரோடு ஒட்டி, கண்ணை மூடினார். கொசுதான் பாடியது. இப்போதும் காதும் கோடும் ஒத்துத்தான் போயின.

அப்போது பக்கத்து மில்காரம்மா ராமக்காள், முந்தானையில் ராகி மாவைத் துடைத்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏம்பா சின்னராஜு, இத்தனை சனம் வந்திருக்குதேன்னு மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்திட்டேன், பாவம், உங்க சுவரு பெஞ்செல்லாம் பத்து வருசமா அதிருது, இன்னிக்காவது நிம்மதியா பாட்டுக் கேளுங்க."