இருபத்தைந்து கூடாரங்கள்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திடலில் நின்ற உயிர்கள் மொத்தம் மூன்று. இரண்டு காகங்கள், ஒரு குகநாதன்.

அவர் கையிலிருந்த பட்டியலில் நாற்பது பெயர்கள் இருந்தன. எல்லாரும் பழைய மோட்டார் சைக்கிள் சந்தையில் கடை போடுவதற்குப் பதிந்தவர்கள். வெள்ளிக்கிழமை மாலையே வந்து, கூடாரம் அடித்து, இரவு அங்கேயே தங்கி, இந்த நேரத்துக்குத் துருப்பிடித்த சாமான்களைப் புல்லில் பரப்பிக்கொண்டிருக்க வேண்டியவர்கள்.

புல்லில் பனி மட்டும் இருந்தது.

குகநாதன் வாசலுக்குப் போனார். உயர்ந்த மரவேலி சூழ்ந்த திடலின் நடுவுக்கு வந்தார். மறுபடி வாசலுக்குப் போனார். தான் கட்டிய பதாகை காற்றில் சுருண்டு கிடந்தது. அதை நிமிர்த்திக் கட்டினார். அது உடனே மறுபக்கம் சுருண்டது.

கிங்ஸ்பரியில் குடியிருக்கும் குகநாதன் பஸ் டிப்போவில் மெக்கானிக்; இரவு வேலை முடித்து நேரே திடலுக்கு வந்திருந்தார். பழைய மோட்டார் சைக்கிள் கழகத்தில் பதினொரு வருடங்களாக உறுப்பினர். அதில் பத்து வருடங்கள் அவரைத் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் மட்டுமே நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த வருடம் தலைவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. "சந்தையை யார் நடத்துவது?" என்று கூட்டத்தில் கேட்டபோது எழுந்த கை ஒன்றே ஒன்று. வெள்ளைக்காரக் கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, 'சரி, முயற்சி செய்து பார்க்கட்டும்' என்பதுபோலத் தலையாட்டி, அவரைச் செயலாளராக்கினார்கள்.

வருடா வருடம் கூட்டம் குறைந்து வந்ததால் திடலைத் தரும் நகரக் கவுன்சில் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு அலுவலர் ஒருவர் வந்து எண்ணுவார். கடைக்காரரின் கூடாரங்கள் இருபத்தைந்துக்கு ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் திடல் கிடையாது. முப்பத்தைந்து வருடமாக நடந்த சந்தை குகநாதனின் கையில் வந்து செத்தது என்று ஆகிவிடும்.

யாரையாவது தொலைபேசியில் பிடிக்கலாம் என்றால், பதிவுப் படிவத்தைத் தயாரித்தவரும் அவர்தான். பெயர், ஊர், மோட்டார் சைக்கிளின் வயது, கூடாரத்தின் அகலம் எல்லாம் கேட்டிருந்தார். தன் எண்ணை அடியில் அச்சிட்டவர், அவர்களின் தொலைபேசி எண் கேட்க மறந்துவிட்டார்.

அவரிடம் இருந்தது ஒரே ஓர் எண். சட்டன் பகுதியில் இருக்கும் தில்லையம்பலம். பழைய விளக்குகள் விற்பவர்; பட்டியலில் அவரும் ஒருவர்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"வந்திட்டன் குகன், வந்திட்டன்."

குகநாதன் அழைப்பைத் துண்டித்தார். தில்லையம்பலம் தன் மகளின் கலியாணத்துக்கே குளியலறையில் நின்றபடி "வந்திட்டன்" என்று சொன்னவர்.

வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் செய்து மனைவியை எழுப்பினார்.

"இஞ்சாரும், எங்கடை வீட்டிலை கூடாரம் இருக்கே?"

"என்ன கூடாரம்?" என்றாள் சுலோச்சனா தூக்கக் குரலில்.

"பிள்ளையின்ரை பிறந்தநாளுக்குப் பின்வளவிலை அடிச்சமே, நீலக் கூடாரம்."

"இருக்கு. ஏன், மழையே?"

"மழையில்லை. ஆக்கள் இல்லை. ஒருத்தரும் வரேல்லை சுலோச்சனா. பதினொரு மணிக்குக் கவுன்சில் வருது. இருபத்தைஞ்சு கூடாரம் வேணும். என்ரை மானம் போகப் போகுது."

அவரது குரலில் இருந்த நடுக்கத்தைச் சுலோச்சனா முப்பது வருடத்தில் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"போனை வையுங்கோ. நான் பாக்கிறன்."

அவள் பார்த்தது வாட்சப்பில். குடும்பக் குழுவில் ஒரே வரி போட்டாள்: 'இவருக்கு அவசரம், கூடாரம் இருக்கிற ஆக்கள் உடனே வாங்கோ.' அதைப் படித்த முதல் ஆள் யாருக்கோ செத்தவீடு என்று நினைத்தார். இரண்டாவது ஆள் கோயில் திருவிழா என்று நினைத்தார். யார் எதை நினைத்தாலும் அந்தச் செய்தியை ஆளுக்கு நான்கு குழுக்களுக்கு அனுப்பி வைத்தார்கள்.

எட்டரை மணிக்கு முதல் வான் வண்டி வந்தது. சுலோச்சனாவின் தங்கை நிர்மலா, ஈஸ்ட் ஹாமில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். அவளுடைய கணவன் தேவராசா, பின் இருக்கையில் கூடாரத் தடிகளுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் சுலோச்சனா. அவளுக்குப் பின்னால் ஐந்து கார்கள்.

ஒன்பது மணிக்குப் பதினேழு கூடாரங்கள் எழுந்துவிட்டன. குகநாதன் ஓடி ஓடி எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் ஒன்று காற்றில் சாய்ந்தது. அதை நிமிர்த்தப் போனால் அடுத்தது கிளம்பியது.

"அத்தான், கூடாரம் இருக்கு. கடையிலை என்ன சாமான் வைக்கிறது?" என்று நிர்மலா கேட்டாள்.

இதைக் குகநாதன் யோசிக்கவே இல்லை.

"இரும்பு. இரும்பா எது இருந்தாலும் எடுத்து வையுங்கோ. பழசா இருந்தால் நல்லது."

கார்களின் பின்பக்கங்கள் திறந்தன. பிரஷர் குக்கர் மூடி, இடியப்ப உரல், கழன்ற தள்ளுவண்டிச் சில்லு, உடைந்த தண்ணீர்க் குழாய், டொக்டர் சொல்லித் தேவராசா வாங்கி ஒருநாளும் ஏறாத உடற்பயிற்சிச் சைக்கிள் எல்லாம் மேசைகளில் ஏறின. குகநாதன் அட்டைகளில் பெயர் எழுதிச் சொருகினார். பிரஷர் குக்கர் மூடி 'கிளட்ச் உறை' ஆனது. சுலோச்சனாவின் புட்டுக்குழல் 'சைலன்சர்' ஆனது.

அப்போது அவரது கைப்பேசி அலறியது. தெரியாத எண்.

"கவுன்சில்காரர்தான். 'எல்லாரும் வந்தாச்சோ' எண்டு கேக்கப் போகினம்," என்றார் குகநாதன் வெளிறிப்போய்.

"அப்ப எடாதையுங்கோ," என்றாள் சுலோச்சனா.

அவர் எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வேறு எண். பிறகு இன்னொன்று. ஏழாவது தடவையும் கைப்பேசி அலறியது. சுலோச்சனா அதைப் பிடுங்கி அரிசிப் பைக்குள் புதைத்தாள். அரிசிப் பை அதிரத் தொடங்கியது.

"சரி, இரவு இங்கை தங்கின மாதிரியும் இருக்க வேணுமெல்லோ?" என்றார் தேவராசா.

"ஓம்! அதை மறந்திட்டன்!"

உடனே புதுத் திட்டம். ஆண்கள் எல்லாரும் கூடாரத்துக்குள் போய்ப் படுப்பது. குகநாதன் தேநீர்க் கேத்திலில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால், கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வருவது. வாயில் பல்துலக்கியுடன் வந்தால் இன்னும் விசேஷம். தேவராசா முதலாவதாகப் போய்ப் படுத்தார். இரண்டு நிமிடத்தில் அவர் கூடாரத்திலிருந்து குறட்டை கேட்டது.

"நல்லா நடிக்கிறார்," என்றார் குகநாதன்.

"அவர் நடிக்கேல்லை அத்தான்," என்றாள் நிர்மலா.

வந்தவர்களுக்குப் பசித்தது. நிர்மலா வான் வண்டியிலிருந்து காஸ் அடுப்பையும் இரும்புத் தட்டையும் இறக்கிக் கொத்துரொட்டி போட ஆரம்பித்தாள். தட்டில் கத்தி விழும் தாளம் தெருவரை போயிற்று. வாசனை அதற்கும் அப்பால் போயிற்று. வழக்கமான ஞாயிற்றுக்கிழமைச் சந்தை சனிக்கிழமைக்கு மாறிவிட்டதோ என்று தெருவில் போன தமிழ்க் குடும்பங்கள் காரைத் திருப்பின. அவர்களிலும் சிலரிடம் கூடாரம் இருந்தது. சேலைகளோடு ஒருத்தி வந்தாள். காப்பு, சங்கிலிகளோடு ஒருவர் வந்தார். மருதாணி போட ஒருத்தி பாய் விரித்தாள்.

"இஞ்சை சேலை விக்க ஏலாது!" என்று கத்தினார் குகநாதன். "இது மோட்டார் சைக்கிள் சந்தை!"

"சேலை கட்டின ஆக்கள் மோட்டார் சைக்கிளிலை ஏறுறேல்லையே?" என்றாள் சேலைக்காரி.

குகநாதன் சுற்றிலும் எண்ணினார். கூடாரங்கள் முப்பத்திரண்டு. அவளை அனுப்பினால் முப்பத்தொன்று. அவளது மேசையில் ஒரு தள்ளுவண்டிச் சில்லை வைத்துவிட்டு வந்தார்.

பத்து மணியளவில் எண்ணெய்க் கறை படிந்த தோல்சட்டையோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மூக்கை உயர்த்தியபடி வந்தார். கக்கத்தில் பழைய முன்விளக்கு ஒன்று. குகநாதனுக்குக் கண்ணீர் வரப் பார்த்தது. அன்றைய நாளின் முதல் மோட்டார் சைக்கிள் மனிதர்!

கிழவர் மேசை மேசையாகப் பார்த்து வந்து புட்டுக்குழலை எடுத்தார். ஒரு கண்ணை மூடி அதற்குள்ளால் வானத்தைப் பார்த்தார். தட்டி ஓசை கேட்டார்.

"முப்பத்தெட்டாம் ஆண்டு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"முப்பத்தேழு," என்றார் குகநாதன். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவரே திடுக்கிட்டார்.

கிழவர் முன்விளக்கை நீட்டினார். மாற்றிக்கொள்வோமா?

குகநாதனின் கை நீண்டது. சுலோச்சனாவின் கை அதைவிட வேகமாக நீண்டு குழலைப் பறித்தது.

"விசரே உங்களுக்கு? நாளைக்குப் புட்டு எதிலை அவிக்கிறது?"

"சுலோச்சனா, மனுசன் பாத்துக்கொண்டு நிக்கிறார்..."

"பாக்கட்டும்."

கிழவர் ஒன்றும் கோபிக்கவில்லை. வாசனை வந்த திசையைக் காட்டி ஏதோ கேட்டார். நிர்மலா கொத்துரொட்டியும் இரண்டு ரோல்ஸும் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார், வியர்த்தார், கண்ணைத் துடைத்தார், போய்விட்டார். பத்து நிமிடத்தில் தன்னைப் போன்ற ஏழு கிழவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பாத்தீரே! சனம் வரத் தொடங்கிட்டுது!" என்றார் குகநாதன். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு நேரே வந்தவருடைய முகத்தில் முதன்முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை, ஏனென்றால் அடுத்து வாசலில் கார்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. உள்ளே வர முடியாதவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். வெளியே போக முடியாதவர்களும் அடித்தார்கள். யாரோ ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து பாட்டுப் போட்டார்கள். குகநாதன் அங்கே ஓடி ஒரு காரைப் பின்னால் எடுக்கச் சொன்னார். அது பின்னால் போய்ச் சேலைக் கூடாரத்தின் கயிற்றை இழுத்தது. கூடாரம் மருதாணிக்காரியின் மேல் விழுந்தது. தூக்கி நிமிர்த்தி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி எண்ணினார். நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்று! கழகத்தின் சரித்திரத்தில் இத்தனை கூடாரங்கள் இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

பதினொன்றேகால் மணிக்கு, மஞ்சள் ஜாக்கெட் போட்ட இளம்பெண் ஒருத்தி கையில் எழுதும் அட்டையுடன் கார்களுக்கு நடுவே நுழைந்து வந்தாள்.

குகநாதன் கேத்திலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

இருபது ஆண்கள் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டபடி வெளியே வந்தார்கள். பன்னிரண்டு பேர் வாயில் பல்துலக்கி. தேவராசா மட்டும் வரவில்லை. அவரது குறட்டை ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது.

இளம்பெண் எழுதும் அட்டையைத் தாழ்த்தினாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"இங்க யார் பொறுப்பு?"

அத்தனை கைகளும் ஒரே ஆளை நோக்கி நீண்டன. குகநாதன் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு முன்னே வந்தார். தமிழ்ப் பிள்ளை என்றதும் அவருக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது.

"நான்தான் பிள்ளை. பேர் என்ன?"

"தக்ஷிகா. கவுன்சில்ல இருந்து வாறன், அங்கிள்."

"தெரியும், தெரியும். எண்ணுங்கோ பிள்ளை. ஆறுதலா எண்ணுங்கோ. நாப்பத்தொண்டு இருக்கு."

"என்னத்த எண்ணுறது?"

"கூடாரத்தை. கடைக்காரற்றை கூடாரம். பழைய மோட்டார் சைக்கிள் சந்தையெல்லோ?"

தக்ஷிகா முதலில் உடற்பயிற்சிச் சைக்கிளைப் பார்த்தாள். சேலைகளைப் பார்த்தாள். கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்ற எட்டுக் கிழவர்களைப் பார்த்தாள். பிறகு, பாவம் இந்த மனிதர் என்பதுபோல, குரலைத் தாழ்த்தி மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், இந்தத் திடலுக்கு இண்டைக்கு ஒருத்தருக்கும் பெர்மிஷன் இல்ல. மோட்டார் சைக்கிள் சந்தை அந்த மரவேலிக்கு அங்கால, அடுத்த திடல்ல. அங்க நாப்பது கூடாரம், நான் எண்ணி முடிச்சிட்டன், நேற்றுப் பின்னேரமே எல்லாரும் வந்திட்டினம், அவையின்ர செயலாளர் ஒருத்தர மட்டும்தான் இன்னும் காணேல்ல."